பனியன் கம்பெனிக் கணக்கறையில் ஃபயர்பாக்ஸ் இ.எஸ்.ஆர்.: இரண்டு பெருந்தாவல்களுக்குப் பின் ஒரு மதிப்புரை

திருப்பூரில் அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கும் கணினியும் என் பொறுப்பு. மொத்தம் ஏழு கணினிகள். ஐந்து கணக்கறையில் இருக்கின்றன, ஒன்று மெர்ச்சண்டைசர் மேசையில், மற்றொன்று பேக்கிங் பகுதியில். இந்த ஏழிலும் 2023 ஆகஸ்டு முதல் ஃபயர்பாக்ஸ் உலாவியின் இ.எஸ்.ஆர். எனப்படும் நீட்டித்த ஆதரவுப் பதிப்பைப் பயன்படுத்தி வருகிறோம். வேகம், அழகு, நினைவகச் செலவு ஆகியவற்றைப் பற்றி இணையத்தில் ஏராளமாக எழுதப்பட்டிருப்பதால் அவற்றை நான் தொடப்போவதில்லை. உலாவி தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும், அதில் நாம் பொருத்தி வைத்த பாதுகாப்பு நீட்சிகள் (உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள்கள்) உயிரோடு இருக்கின்றனவா என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் இந்தப் பதிப்பை மதிப்பிட்டிருக்கிறேன்.

இந்தக் கேள்வி எனக்கு ஏன் பெரிதாகப் பட்டது என்பதைச் சொல்லிவிட வேண்டும். இதற்கு முன்பு நாங்கள் வேறோர் உலாவியை வைத்திருந்தோம். வைரஸ் தடுப்பு மென்பொருளோடு வந்த ஒரு நீட்சி அதில் இருந்தது. திறக்கும் தளம் உண்மையான வங்கித் தளம்தான் என்றால் முகவரிக்கு அருகே பச்சை நிறத்தில் ஒரு குறி காட்டும், போலித் தளம் என்றால் சிவப்புப் பலகையை விரித்து வழிமறிக்கும். ஒருநாள் நூல் மில்லின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. நிலுவைத் தொகையைச் சரிபார்க்கும்படி கேட்டு, கூடவே வங்கித் தளத்துக்கான இணைப்பு ஒன்றையும் கொடுத்திருந்தார்கள். எங்கள் கணக்காளர் இணைப்பைத் திறந்து பயனர் பெயரை அடித்துவிட்டு, கடவுச்சொல்லின் பாதியில் கையை நிறுத்தினார். அவர் பழகிய வங்கிப் பக்கத்தில் படத்திலுள்ள எழுத்துகளை முதலில் அடிக்கச் சொல்வார்கள். இந்தப் பக்கத்தில் அதைக் காணவில்லை. காங்கேயத்தில் இருந்து தினமும் பேருந்தில் வருகிற அந்தப் பெண்ணின் கவனம்தான் அன்று எங்கள் பணத்தைக் காப்பாற்றியது.

என்னைக் கூப்பிட்டுக் காட்டியபோது அவர் கேட்ட கேள்வி இன்றும் காதில் இருக்கிறது. "ஏனுங்ணா, அந்தப் பச்சை டிக்கு இப்பெல்லாம் வாரதில்லீங்களா?"

"எப்ப இருந்து காணம் அம்மணி?"

"போன வாரத்துக்கு முந்தின வாரமே காணமுங்ணா. அப்டேட்டுல எடுத்துப்போட்டாங்களாட்ட இருக்குதுன்னு உட்டுட்டனுங்க."

அவர் நினைத்தது ஒரு வகையில் சரிதான். உலாவி இரவோடு இரவாகப் புதிய பதிப்புக்கு மாறியிருந்தது. அந்த நீட்சி புதிய பதிப்புக்கு ஒத்துவரவில்லை என்று முடக்கப்பட்டிருந்தது. அமைப்புகளுக்குள் நான்கு சொடுக்குகள் தள்ளி ஒரு பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தது. அந்த வரியைப் படிக்க வேண்டியவன் நான், படிக்கவில்லை. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில், அதாவது மேய்ச்சல் நிலங்களில், கிளுவை வேலியில் ஒரு சந்து விழுந்தால், மறுநாளே ஆடு வெளியே வந்து நின்று அதைக் காட்டிக் கொடுத்துவிடும். உலாவியின் வேலியில் சந்து விழுந்தால் காட்டிக் கொடுக்க ஓர் ஆடும் கிடையாது. எல்லாப் பக்கங்களும் முன்போலவே திறக்கும். இன்னும் சொல்லப்போனால், சரிபார்க்கும் வேலை இல்லாததால் சற்று வேகமாகவே திறக்கும்.

நீட்சி என்பது உலாவியின் உள்ளே குடியிருக்கும் விருந்தாளி. வீட்டுக்காரர் சுவரை இடித்துக் கட்டும்போது விருந்தாளியின் கட்டில் எங்கே போகும் என்பது வீட்டுக்காரரின் மனத்தைப் பொறுத்தது. குரோமும் ஃபயர்பாக்ஸும் இன்று ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒரு முறை புதிய பதிப்பை வெளியிடுகின்றன. ஃபயர்பாக்ஸ் 2020இன் தொடக்கத்திலும் குரோம் 2021 செப்டம்பரில் வந்த 94ஆம் பதிப்பிலிருந்தும் இந்தத் தாளத்துக்கு மாறின. அப்படியானால் ஆண்டுக்குப் பதின்மூன்று முறை சுவரில் கை வைக்கிறார்கள். பெரும்பாலான முறை ஒன்றும் ஆகாது. ஆனால் சில முறை, வேண்டுமென்றே, பழைய நீட்சிகள் நின்ற தரையையே பெயர்த்து எடுத்திருக்கிறார்கள்.

கொங்கு நாட்டில் கணக்குத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் முதல் அடி 2015இல் விழுந்தது. டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் சொருகி வருமான வரித் தளத்தில் கையொப்பமிட அப்போது ஜாவா ஆப்லெட் என்ற, உலாவிக்குள் ஓடும் சிறு நிரல் தேவைப்பட்டது; அந்த ஆப்லெட் ஓட என்பிஏபிஐ என்ற பழைய செருகுநிரல் வழி தேவைப்பட்டது. குரோம் அந்த வழியை 2015 ஏப்ரலில் 42ஆம் பதிப்பில் அடைத்து, செப்டம்பரில் 45ஆம் பதிப்பில் முழுவதுமாக எடுத்துவிட்டது. ஃபயர்பாக்ஸ் 2017 மார்ச்சில் 52ஆம் பதிப்போடு ஃபிளாஷ் தவிர மற்றவற்றை நிறுத்தியது. அதன் விளைவாகத் தணிக்கையாளர் அலுவலகங்களில் கையொப்பத்துக்கென்றே ஒரு பழைய கணினியை, இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் பழைய ஜாவாவுமாக, புதுப்பிப்பு அண்டாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். பாதுகாப்பான கையொப்பத்துக்காக மிகவும் பாதுகாப்பற்ற கணினியைப் பேணிய அந்தக் காலத்தை இன்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. இன்று கையொப்ப மென்பொருள் உலாவிக்கு வெளியே கணினியில் தனியாக ஓடுவதால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது.

2017 நவம்பர் 14 அன்று வந்த ஃபயர்பாக்ஸ் 57, பழைய முறையில் எழுதப்பட்ட நீட்சிகள் அனைத்தையும் ஒரே நாளில் செல்லாக்காசாக்கியது. பக்கங்களில் ஓடும் நிரல்களைத் தடுக்கும் நோஸ்கிரிப்ட் போன்ற முக்கியமான காவலர்கூட, புதிய முறையில் திருத்தி எழுதப்பட்டுச் சில நாள்கள் கழித்துத்தான் திரும்பி வந்தார். காரணம் நியாயமானதே: பழைய நீட்சிகளால் உலாவியின் எந்த உறுப்பிலும் கை வைக்க முடிந்தது, அதனால் உலாவியை வேகமாக்கவோ அறை அறையாகப் பிரித்துக் காக்கவோ முடியாமல் இருந்தது. ஆனாலும் அந்தச் சில நாள்கள் காவல் இல்லாமல்தான் கழிந்தன.

குரோமின் கதை இன்னும் அண்மையது. நீட்சிகளுக்கான மேனிஃபெஸ்ட் மூன்று என்ற புதிய விதிமுறையின் வரைவு 2018இன் இறுதியில் வெளிவந்தது. பழைய விதிமுறையில் இயங்கிய நீட்சிகளை 2024 ஜூன் முதல் படிப்படியாக அணைக்கத் தொடங்கி, 2025இன் நடுப்பகுதியில் முடித்தார்கள். எங்கள் தொழில் மொழியில் சொன்னால், செக்கிங் மேசையில் ஒவ்வொரு பீஸையும் கையில் எடுத்து, விரித்து, தையலைத் தடவிப் பார்த்துத் தள்ளும் பெண்மணியை எழுப்பிவிட்டு, "குறைகளின் பட்டியலை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று நிர்வாகம் சொல்வதைப் போன்றது இது. முன்பு பக்கங்களைக் கேட்டு உலாவி அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையும் கணினியைவிட்டு வெளியேறும் முன் நீட்சி அதைப் பார்த்து முடிவு செய்தது. இப்போது நீட்சி தரும் பட்டியலை வைத்து உலாவி முடிவு செய்கிறது. இதற்குக் கூகுள் சொல்லும் காரணத்தையும் நான் புறந்தள்ளவில்லை: எல்லாக் கோரிக்கைகளையும் பார்க்கும் அதிகாரம் ஒரு நீட்சியிடம் இருந்தால், அந்த நீட்சியே திருடனாக மாறும் நாளில் நம்மிடம் மிஞ்சுவது எதுவும் இல்லை. இருந்தாலும் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சி முழு வலிமையோடு குரோமில் இப்போது இயங்காது. லைட் என்ற இளைத்த வடிவம்தான் அங்கே கிடைக்கிறது. போலி வங்கிப் பக்கத்துக்கு இழுத்துச் செல்லும் விளம்பரங்களை அறுப்பதில் அந்த முழு வடிவத்தை நான் நம்பியிருந்ததால், ஃபயர்பாக்ஸிலேயே நிலைத்திருக்க இதுவே எனக்குப் போதுமான காரணம். புதிய விதிமுறையை ஏற்றுக்கொண்ட பிறகும், கோரிக்கையைத் தடுக்கும் பழைய வழியை, ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா திறந்தே வைத்திருக்கிறது.

ஆனால் சாதாரண ஃபயர்பாக்ஸும் நான்கு வாரத்துக்கு ஒரு முறை மாறக்கூடியதே. அதனால்தான் இ.எஸ்.ஆர். பதிப்பு. இதன் தத்துவம் எளிது. ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு முறை ஒரு பதிப்பை அடித்தளமாக நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பின் நான்கு வாரத்துக்கு ஒரு முறை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வருகின்றன, புதிய வசதிகள் வருவதில்லை. 2023 ஜூலையில் 115, 2024 ஜூலையில் 128, 2025 ஜூனில் 140 என்று அடித்தளங்கள் மாறின. பழைய அடித்தளமும் புதிய அடித்தளமும் ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஒருசேர ஆதரிக்கப்படுகின்றன. சின்ன அலுவலகம் ஒன்றுக்கு இந்த மூன்று மாதங்களே இந்தப் பதிப்பின் மிகப் பெரிய வரம் என்று சொல்வேன். 115இலிருந்து 128க்கும், 128இலிருந்து 140க்கும் தாவிய இரண்டு முறையும் புதியதை முதலில் என் கணினியில் மட்டும் போட்டு, மின்வழிச் சீட்டு (இ-வே பில்), ஜிஎஸ்டி, சுங்கத் தளம், வங்கி எல்லாவற்றிலும் ஒரு முழு மாதம் வேலை செய்து பார்த்துவிட்டு, பிறகே மற்ற ஆறிலும் ஏற்றினேன். இரண்டு முறையும் யூபிளாக், நோஸ்கிரிப்ட், கடவுச்சொல் பெட்டகத்தின் நீட்சி மூன்றும் இடறாமல் இயங்கின. ஆண்டுக்குப் பதின்மூன்று முறை படபடப்பதற்குப் பதிலாக ஒரு முறை மட்டும், அதுவும் நாள் குறித்துக்கொண்டு, கவலைப்பட முடிகிறது.

நிறுவுவதில் புதியவர்கள் இடறக்கூடிய ஓர் இடம் உண்டு. சாதாரண ஃபயர்பாக்ஸை ஏற்கெனவே பயன்படுத்துபவர்கள் இ.எஸ்.ஆருக்கு மாறும்போது புத்தகக்குறிகளும் கடவுச்சொற்களும் காணாமற்போய்விட்டதாகப் பதறுவார்கள். 2019இல் வந்த 67ஆம் பதிப்பு முதல் ஒவ்வொரு நிறுவலுக்கும் தனித்தனிப் பயனர் கோப்புறை உண்டு. புதிய பதிப்பு தொட்ட கோப்புறையைப் பழைய பதிப்பு திறக்கவும் மறுக்கும். எதுவும் அழிந்துபோகவில்லை, பழைய கோப்புறையில் அப்படியே இருக்கிறது. மாறுவதற்கு முன்பே கடவுச்சொற்களைக் கோப்பாக ஏற்றுமதி செய்துகொண்டு, மறுபுறம் இறக்கியவுடன் அந்தக் கோப்பை அழித்துவிடுவது நல்லது. அந்தக் கோப்பில் கடவுச்சொற்கள் எந்த மறைப்பும் இன்றி எழுத்து எழுத்தாக இருக்கும் என்பதை மறந்து, அதை டெஸ்க்டாப்பிலேயே விட்டு வைப்பவர்கள் அதிகம்.

டிஜிட்டல் கையொப்பத்துக்கும் ஒரு குறிப்பு. ஃபயர்பாக்ஸ் தனக்கென ஒரு சான்றிதழ்ப் பெட்டியை வைத்திருக்கிறது. விண்டோஸ் நம்புவதையெல்லாம் அது எப்போதும் அப்படியே நம்பிவிடுவதில்லை. கணினியிலேயே ஓடும் கையொப்ப மென்பொருளோடு தளம் பேசும்போது இணைப்பு மறுக்கப்பட்டபோதெல்லாம், பத்தில் எட்டு முறை இதுதான் காரணமாக இருந்தது. 115இல், விண்டோஸில் சேர்த்த சான்றிதழ்களையும் ஏற்கும்படி கொள்கைக் கோப்பில் ஒரு வரி எழுதியதும் பெரும்பாலும் சரியாகிவிட்டது; 120ஆம் பதிப்பு முதல் உலாவி அதை இயல்பாகவே செய்கிறது.

அந்தக் கொள்கைக் கோப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எனக்கு இந்த உலாவியில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். நிறுவிய கோப்புறைக்குள் டிஸ்ட்ரிபியூஷன் என்ற பெயரில் ஓர் உட்கோப்புறையை உருவாக்கி, அதில் பாலிசிஸ் என்ற ஜேசன் கோப்பு ஒன்றை வைத்தால், உலாவி திறக்கும்போதே அதைப் படித்துக் கீழ்ப்படிகிறது. எந்த நீட்சி கட்டாயம் இருக்க வேண்டும், எதையெல்லாம் யாரும் சேர்க்கக் கூடாது, புதுப்பிப்பு தானாக நடக்க வேண்டுமா கேட்டுவிட்டு நடக்க வேண்டுமா என்பதையெல்லாம் அதில் எழுதிவிடலாம். கட்டாயம் என்று குறித்த நீட்சியை ஊழியர்கள் நீக்கவும் முடியாது, முடக்கவும் முடியாது. சர்வர், டொமைன் என்று பெரிய நிறுவனங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஒரு பென்டிரைவில் கோப்பை எடுத்துச் சென்று ஏழு கணினிகளிலும் ஒட்டினேன், அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. நேர்மைக்காக ஒன்று: இந்த வசதி சாதாரண ஃபயர்பாக்ஸிலும் வேலை செய்கிறது. இதற்காக மட்டும் இ.எஸ்.ஆருக்கு வரத் தேவையில்லை.

இனிக் குறைகள். முதல் குறை, இ.எஸ்.ஆர். உலாவியை மட்டும்தான் நிறுத்தி வைக்கிறது. நீட்சிகளை நிறுத்தி வைப்பதில்லை. நீட்சிகள் தம்மைத் தாமே, தம் போக்கில், தனியாகப் புதுப்பித்துக்கொள்கின்றன. ஒரு நீட்சியின் ஆசிரியர் புதிய உலாவியில் மட்டுமே உள்ள வசதியை நம்பி அடுத்த பதிப்பை எழுதினால், இ.எஸ்.ஆர். வைத்திருப்பவருக்கு அந்தப் பதிப்பு வராது. ஒத்துவரும் பழைய பதிப்பிலேயே நீட்சி நின்றுவிடும். அது நிற்பதைச் சொல்லவும் ஆளில்லை. பெரிய நீட்சிகளின் ஆசிரியர்கள் இ.எஸ்.ஆரை மனத்தில் வைத்தே எழுதுகிறார்கள். ஒரே ஒருவர் ஓய்வு நேரத்தில் எழுதிப் பராமரிக்கும் சின்ன நீட்சிகளில் இந்த ஆபத்து உண்டு. ஆகவே நீட்சிகளின் எண்ணிக்கையை மூன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாம் குறை இதைவிட ஆழமானது. உலாவியின் பதிப்பை எவ்வளவு கெட்டியாகப் பிடித்து வைத்தாலும், நீட்சிகளின் உயிர் வேறோர் இடத்தில், மொசில்லா இடும் கையொப்பத்தில், இருக்கிறது. 2019 மே 4, சனிக்கிழமை. அந்தக் கையொப்பங்களைச் சரிபார்க்கும் இடைநிலைச் சான்றிதழ் ஒன்று புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகி, உலகம் முழுவதும் ஃபயர்பாக்ஸ் நீட்சிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. உலாவி இருபத்து நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறைதான் கையொப்பங்களைச் சரிபார்க்கும் என்பதால் ஒருவருக்குக் காலையிலும் மற்றவருக்கு மாலையிலுமாக அணைந்து, குழப்பத்தை மேலும் கூட்டியது. டோர் உலாவியில் நோஸ்கிரிப்ட்டும் அணைந்தது. அடையாளத்தை மறைக்க அதை நம்பியிருப்பவர்களுக்கு அது சின்ன விஷயம் அல்ல. இ.எஸ்.ஆரும் தப்பவில்லை. சனிக்கிழமை என்பது திருப்பூரில் வாரச் சம்பள நாள். கணக்கறைகள் வங்கித் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாள். நான் அப்போது ஃபயர்பாக்ஸ் பயன்படுத்தவில்லை, ஆனால் அந்தத் தேதியைப் படித்தபோது முதலில் நினைத்தது அதைத்தான்.

அதைச் சரிசெய்த விதத்திலும் ஒரு முரண் இருந்தது. முதல் மருந்தை ஆய்வுகள் என்ற வழியாக அனுப்பினார்கள். பயன்பாட்டுத் தரவைப் பகிரச் சம்மதித்தவர்களுக்கே அந்த வழி திறந்திருந்தது. அந்தரங்கத்தில் அக்கறை கொண்டு அதை மூடி வைத்திருந்தவர்கள், அதாவது பாதுகாப்பு நீட்சிகளை மிகவும் நம்பியிருந்தவர்கள், மறுநாள் 66.0.4 பதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அல்லது அந்த வழியைத் திறந்துவிட வேண்டியிருந்தது. அந்த நாள்களில் இப்படிச் சேர்ந்த தரவை அழித்துவிடுவதாக மொசில்லா பின்னர் அறிவித்ததை அவர்கள் கணக்கில் வரவு வைக்கிறேன். இ.எஸ்.ஆர். வைத்திருந்தவர்களுக்கு மட்டும் ஒரு கொல்லைப்புறக் கதவு இருந்தது: கையொப்பச் சோதனையையே அணைத்துவிடும் அமைப்பு சாதாரண வெளியீட்டில் செல்லாது, இ.எஸ்.ஆரில் செல்லும். அவசரத்துக்கு அது உதவும். அவசரம் முடிந்து அதை மூட மறந்தால், கையொப்பமில்லாத எந்த நீட்சியும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்த நிகழ்ச்சியைக் காட்டி, "அப்படியானால் புதுப்பிப்பையே நிறுத்திவிட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் எங்கள் வட்டாரத்தில் உண்டு. ஓடுகிற மெஷினில் கை வைக்காதே என்பது நிட்டிங் ஆலையில் நல்ல அறிவுரை. உலாவிக்கு அது பொருந்தாது என்பதற்கு 2025 மார்ச் 14ஐவிட நல்ல சான்று தேவையில்லை. அன்று ஃபயர்பாக்ஸின் பழைய மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியானது. 128க்கு முந்தைய பதிப்பிலோ, இ.எஸ்.ஆர். வரிசையில் 115.13க்கு முந்தைய திருத்தத்திலோ நின்றிருந்தவர்களின் நீட்சிகள் செயலிழக்கும் என்று மொசில்லா முன்கூட்டியே எச்சரித்தது. நீட்சி உடைந்துவிடுமோ என்று பயந்து புதுப்பிப்பை நிறுத்தியவருக்குத்தான் நீட்சி உடையும். பிளாட்டர், எம்பிராய்டரி மெஷின் ஆகியவற்றோடு இணைத்த விண்டோஸ் 7 கணினிகளை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் பட்டறைகள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கணினிகளுக்காகவே 115 இ.எஸ்.ஆருக்கான திருத்தங்கள் பலமுறை நீட்டிக்கப்பட்டன. அதை நிரந்தரம் என்று நம்பி, அந்தக் கணினியில் வங்கித் தளத்தைத் திறக்காதீர்கள்.

எங்கள் அலுவலகத்தில் நானே செய்த பிழை ஒன்றும் உண்டு. ஜிஎஸ்டிக் கணக்குத் தாக்கலில் மாதம் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கும் 20ஆம் தேதி 3பி படிவத்துக்கும் கடைசி நாள் என்பதால், அந்த நாள்களில் உலாவி மாறிவிடக் கூடாது என்று, கேட்டுவிட்டுப் புதுப்பிக்கும்படி கொள்கைக் கோப்பில் எழுதினேன். கேட்டால் மனிதர்கள் "பிறகு" என்றுதான் சொல்வார்கள். பேக்கிங் பகுதிக் கணினி நாற்பது நாள் பிறகு, பிறகு என்றே கிடந்தது. இப்போது எல்லாவற்றிலும் புதுப்பிப்பைத் தானாக நடக்கவே விட்டிருக்கிறேன். திருத்தங்கள் மட்டுமே வரும் பதிப்பில் அந்தப் பயம் அவ்வளவாகத் தேவையில்லை என்பதை இரண்டாண்டுப் பழக்கத்தில்தான் உணர்ந்தேன்.

குரோம் மட்டுமே ஏற்கப்படும் என்று அடம்பிடிக்கும் தளங்களும் உண்டு. எங்கள் வேலையில் ஒரு தளம் அப்படிப்பட்டது. அதற்கென்று ஒரு கணினியில் மட்டும் இரண்டாவது உலாவியை, வேறு எதற்கும் தொடக் கூடாது என்ற கட்டளையோடு வைத்திருக்கிறோம். இது இ.எஸ்.ஆரின் குற்றம் அல்ல, ஆனால் மாற நினைப்பவர் எண்ணிப் பார்க்க வேண்டிய செலவு.

நான் உண்மையில் விரும்புவது ஒன்று இந்தப் பதிப்பிலும் இல்லை, எந்த உலாவியிலும் நான் கண்டதில்லை. கட்டாயம் என்று நான் குறித்த நீட்சி ஏதோ ஒரு காரணத்தால் இயங்கவில்லை என்றால், வங்கித் தளத்தைத் திறக்க உலாவி மறுக்க வேண்டும். ஓவர்லாக் மெஷினில் நூல் அறுந்தால் தைப்பவருக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிடுகிறது. நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தால் மெஷினே நின்று விளக்கை எரியவிடுகிறது. ஆயிரக்கணக்கான ரூபாய்த் துணியைக் காக்க அந்த விளக்கைப் பொருத்தத் தெரிந்த உலகத்துக்கு, இலட்சக்கணக்கில் பணம் மாற்றும் உலாவியில் அதைப் பொருத்தத் தோன்றவில்லை. ஃபயர்பாக்ஸ் நீட்சிகளின் பக்கத்தில் மஞ்சள் பட்டை ஒன்று காட்டுகிறது. அந்தப் பக்கத்தைத் திறப்பவருக்கு அது தெரியும், அவ்வளவுதான்.

அந்த விளக்கு வரும்வரை எங்களுக்கு நாங்களே ஒரு வழி செய்துகொண்டோம். ஃபயர்பாக்ஸின் புதிய வெளியீடுகள் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில் வருகின்றன. நம் நேரத்துக்கு அது மாலையோ இரவோ ஆகிவிடும். எனவே புதன்கிழமை காலையில், தேநீருக்கு முன், கணக்காளர் ஏழு கணினிகளிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூன்றையும் ஒன்றாக அழுத்தி நீட்சிகளின் பக்கத்தைத் திறந்து மூன்று பெயர்களும் இயங்குகின்றனவா என்று பார்க்கிறார். பிறகு விளம்பரம் நிறைந்த ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தைத் திறந்து, விளம்பரம் தெரிகிறதா என்று பார்க்கிறார். கடவுச்சொல் பெட்டகத்தின் சின்னம் உண்மையான வங்கிப் பக்கத்தில் பெயரை நிரப்ப முன்வருகிறதா என்பது மூன்றாவது சோதனை. முகவரி ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அது நிரப்ப மறுத்துவிடும் என்பதால், பழைய பச்சைக் குறியைவிட இதையே இப்போது நான் அதிகம் நம்புகிறேன். ஏழுக்கும் சேர்த்துப் பதினைந்து நிமிடம். வரவுப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு இதற்கென்று இருக்கிறது.

பத்துக்கும் குறைவான கணினிகளும், தனிக் கணினி நிர்வாகி இல்லாத நிலையும், வாரம்தோறும் வங்கித் தளத்தில் பெருந்தொகை மாற்றும் வேலையும் உள்ள அலுவலகங்களுக்கு இந்தப் பதிப்பைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். விலை ஏதும் இல்லை. முகப்பு தமிழிலும் கிடைக்கிறது. எங்கள் பேக்கிங் மேற்பார்வையாளர் அப்படித்தான் வைத்திருக்கிறார். தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்க ஆள் கிடையாது என்பதால், கொள்கைக் கோப்பை ஒரு முறை எழுதித் தரத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. வீட்டில் ஒரே கணினி வைத்திருப்பவருக்குச் சாதாரண ஃபயர்பாக்ஸே போதும்.

சென்ற புதன்கிழமை அந்த நோட்டில் நான்காம் கணினிக்கு நேரே "விளம்பரம் தெரியுது" என்று எழுதியிருந்தார். உலாவி ஏதோ செய்துவிட்டது என்று நினைத்து ஓடிப்போய்ப் பார்த்தேன். மூன்று நீட்சிகளும் நலமாகவே இயங்கிக்கொண்டிருந்தன. அந்த மேசையில் உட்காரும் தம்பி, கிரிக்கெட் ஸ்கோர் சரியாக வரவில்லை என்று யூபிளாக்கை அந்த ஒரு தளத்துக்கு மட்டும் அணைத்து வைத்திருந்தார்.